காலை ஏழு மணி நாற்காலி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படும் நோயாளிகளைச் சமாளிப்பது எப்படி என்று எங்கள் மருத்துவமனையில் ஒரு வகுப்பு எடுத்தார்கள். நான் அதை நம்பினேன். குரலைத் தாழ்த்து, பக்கத்தில் உட்கார், 'உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது' என்று சொல். லிங்கராஜபுரத்து வீட்டில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கூடப் பார்த்தேன். கதவுக்கு வெளியே நின்ற மனைவி, "வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்து உடம்புக்குத் திருப்பி அனுப்புவது வேலை. தடவைக்கு நாலு மணி நேரம் அவர்கள் நாற்காலியில் கிடக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு வருபவர்களில் நீலசந்திராக்காரர் ஒருவர். வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் ராத்திரிக் காவல். காவல் முடிந்து நேராக இங்கே வருவார், மதியம் தூங்குவார், சாயங்காலம் மறுபடி சீருடை. அந்தக் காலை நாற்காலி இருக்கிறவரைதான் அந்த வேலை.

அதைப் பிடுங்கி, நல்ல இன்சூரன்ஸோடு வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் மேனேஜர். இவருக்கு இனி மாலை நாலு மணி. அதை யார் சொல்வது? நான்தான். தமிழ் பேசுபவன், சிரித்த முகம், வகுப்பு முடித்தவன். அதுவும் எப்போது? கையில் ஊசி ஏறி, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது. எழுந்து சண்டைக்கு வர முடியாதாம். சொல்லிவிட்டு மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

போய்ச் சொன்னேன்.

"அவுத்து வுடு," என்றார். "எல்லாத்தையும் அவுரு. நான் போறேன்."

ஊசி இருந்த கையை வெடுக்கென்று இழுத்தார். பிளாஸ்டர் பிய்ந்தது. ஊசி வெளியே வந்திருந்தால் ரத்தம் சுவர்வரை அடித்திருக்கும். கையை அமுக்கிப் பிடித்து, புது பிளாஸ்டரை அவசரமாக ஒட்டினேன். அப்புறம் பழகியபடியே ஸ்டூலை இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினேன்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுண்ணா."

"இன்னா புரியுது ஒனக்கு? கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனே?"

"காலைல."

"எனக்கு அது நின்னு ரெண்டு வருஷம் ஆவுது. ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டி. நாலு மணிக்கு இங்க வந்து படுத்தா, கேட்ல யாரு நிக்கறது? நீயா?"

வகுப்பில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. நர்ஸை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

"அவருக்கு வேலை போயிடும் சார். காலை நேரத்தைத் திருப்பிக் குடுங்க."

"ஊசியப் புடுங்கப் பாத்தாராமே, இப்பத்தான் சொன்னாங்க. அக்ரெசிவ் பேஷன்ட்னு எழுதி வெச்சிடுப்பா."

"எழுதறேன். ஏன் புடுங்கப் பாத்தாருன்னும் எழுதறேன். ஊசி குத்தினப்புறம் போய்ச் சொல்லுன்னது யாருன்னும் எழுதறேன்."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மேனேஜர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"நீ கோவமா இருக்கே. ஒன் கஷ்டம் எனக்குப் புரியுது."

அதே வகுப்பு. அதே வரி. கண்ணாடியில் நான் எவ்வளவு அசிங்கமாக இருந்திருப்பேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"கடைசியா எப்போ சார் ஒண்ணுக்குப் போனீங்க?"

அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் சேர்த்து விளக்கினேன்.

"ஆயித்து, ஆயித்து," என்று கன்னடத்தில் ஒத்துக்கொண்டு, எழுந்து வந்து கதவைச் சாத்தினார். "இந்த மாசம் அவரு காலைலயே வரட்டும். அடுத்த மாசம் பாக்கலாம்."

அடுத்த மாசம் பார்ப்பாராம், ஒரு ஆளின் பிழைப்பை. எரிச்சல் அடங்கவில்லை. இருந்தாலும், திரும்பி நடக்கும்போது மண்டைக்குள் எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொண்டேன் என்பதும் உண்மை. நீலசந்திராக்காரர் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"அண்ணா, பேசிட்டேன். இந்த மாசம் நீங்க காலைலயே வரலாம்."

கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினார்.

"பிளாஸ்டரக் கோணலா ஒட்டிட்டுப் போயிருக்கே, சரி பண்ணு."