தபால்காரக்காவின் மச்சங்கள்

மருத்துவமனைச் சீட்டை அவர் என் கையில் தரவில்லை. மேசை ஓரத்தில் வைத்து, ஒரு விரலால் என் பக்கம் நகர்த்திவிட்டார். முதல் நாள் அது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. பிறகுதான் அந்த விரலைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றிப் பாலாக வெளுத்திருந்தது. புறங்கையிலும் முன்கையிலும் திட்டுத்திட்டாக அதே வெளுப்பு. கண்ணைச் சுற்றி மட்டும் யாரோ சுண்ணாம்பால் வரைந்தது போலிருந்தது.

கொல்லிமலையில் எடப்புளி நாடு என்னும் பகுதியில், தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு நடந்தே தபால் கொடுப்பவர் அவர். எனக்குச் சொந்த ஊர் மலையடிவாரம். நாமக்கல்லில் ஒரு தோல் மருத்துவமனையில் ஒளிச் சிகிச்சை அறையைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். தபால்காரக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

வெண்புள்ளி ஒட்டிக்கொள்ளாது, அது நோய்த்தொற்று அல்ல என்பதெல்லாம் எங்கள் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. மலையில் அந்தத் தாள் யார் கண்ணிலும் படவில்லை. "கடுதாசிய அந்தக் கல்லு மேல வெச்சுட்டுப் போங்கன்னு சொல்றாங்க கண்ணு. நானு அப்படியே பழகிட்டேன்" என்று ஒருநாள் சொன்னார். அழவில்லை. மழை பெய்ததா என்று கேட்டால் பதில் சொல்வது போலச் சொன்னார். குனிந்து கல்லின் மேல் வைப்பதும், காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் இன்னொரு சிறு கல்லை வைப்பதும் அவருடைய வேலையில் ஒரு பகுதியாகிவிட்டிருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள், வேலை முடிந்ததும் செம்மேட்டில் பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வருவார். எங்கள் அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு இருக்கும். உள்ளே நாலாபுறமும் குழல் விளக்குகள். கண்ணை மட்டும் மூடும் சிறு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நடுவில் நிற்க வேண்டும். புற ஊதாக் கதிர்கள் தோலில் பட்டு, தூங்கிப்போன நிறத்தை மெல்ல மெல்ல எழுப்பும். முதல் நாள் சில வினாடிகள்தான். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுவோம். ஐந்தாவது மாதம் கண்ணைச் சுற்றிய வெளுப்புக்குள் மிளகு போலக் கறுப்புப் புள்ளிகள் முளைத்தன. அவை விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்து முகத்தின் நிறமாயின. விரல் நுனிகள் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

அவருக்கு மச்சங்கள் நிறைய. கழுத்தில் இரண்டு, இடது முன்கையில் மூன்று. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் அந்த மூன்றும் கறுத்துவிட்டன. கொஞ்சம் பெரிதானது போலவும் ஓரம் கலங்கியது போலவும் தெரிந்தன. நான் பயந்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டார். இந்த ஒளி பட்டால் மச்சம் இப்படி மாறுவதுண்டு, சில நேரம் புற்றாக மாறிய கெட்ட மச்சம் போலக்கூடத் தோற்றம் காட்டும், ஒளியை நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும் என்றார். அதன்பிறகு, கூண்டுக்குள் போகும் முன் மச்சங்களின் மேல் மட்டும் வெயில் தடுப்புக் களிம்பைத் தடவிவிடுவேன். அப்படியும் கொஞ்சம் கறுக்கத்தான் செய்தன. களிம்பு முழுக்கத் தடுக்காது, குறைக்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பருவ மழையில் பாதை சரிந்து தபால்காரக்கா ஒரு மாதத்துக்கு மேல் வர முடியாமல் போனபோது, மச்சங்கள் தாமாகவே வெளிறிப் பழைய நிறத்துக்கு வந்தன. டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது.

அந்த நிம்மதிதான் பிறகு என்னைக் கெடுத்தது.

மறுபடி வரத் தொடங்கிய சில மாதங்களில் ஒரு மாலை. அறை வாசலில் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். மலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்:

"காலுல ஒரு மச்சம் கறுத்துக்கிட்டே போவுது கண்ணு. இந்த லைட்டாலதானே?"

"ஆமாங்க்கா. கையில வந்து போச்சில்லீங்களா, அது மாதிரிதான். நிறுத்துனா போயிரும்" என்றேன். அடுத்தவரின் சீட்டை எடுத்துக்கொண்டே சொன்னேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"சரி கண்ணு, வாரேன்" என்று போய்விட்டார்.

காலில் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளங்கால் என்று சொல்லியிருப்பார். நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் உள்ளங்காலில் எங்கள் விளக்கு எதுவும் படாது. அந்த அறையில் அப்போதே எட்டு வருடம் வேலை செய்திருந்த எனக்கு இதை யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

முகம் தெளிந்ததும் டாக்டர் சிகிச்சையை நிறுத்தினார். கடைசி நாளன்று தபால்காரக்கா மலைவாழைச் சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் கையிலேயே தந்தார். இப்போதெல்லாம் நிறைய வீடுகளில் தபாலைக் கைநீட்டி வாங்குகிறார்கள் என்று சொன்னார்.

ஏழெட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். லைட்டை நிறுத்தியதால் போய்விடும் என்று பார்த்துக்கொண்டே இருந்ததாகவும், நடுவில் முள் குத்திப் புண்ணாகிவிட்டது என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டதாகவும் சொன்னார். டாக்டர் அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலுக்கு முன்னால் கன்னங்கரேலென்று, ஒழுங்கில்லாத விளிம்போடு, நடுவில் ஆறாத புண்ணோடு இருந்தது அது. டாக்டர் அவரிடம், "இது எத்தனை நாளா இருக்குங்க?" என்றார். தபால்காரக்கா என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கும் பார்வை அல்ல அது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டது போல இருந்தது.

"லைட்டுனால வந்ததுன்னு நெனச்சேனுங்க" என்றார்.

"உள்ளங்கால்ல லைட்டு எப்படிங்க படும்?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். நான் சொன்னதைத் தபால்காரக்கா சொல்லவில்லை. அன்று மாலை நானே டாக்டரிடம் சொன்னேன். "இனிமேல் யார் எந்த மச்சத்தைச் சொன்னாலும் என்கிட்ட அனுப்பு" என்று மட்டும் அவர் சொன்னார்.

அது தோல் புற்று. தொடை இடுக்கு வரை போயிருந்தது. கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை செய்து பாதத்தின் ஒரு பகுதியை எடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மலையேறிப் போய்ப் பார்த்தேன். அவர் கணவர் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே தபால்காரக்கா கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு திட்டுகூட இல்லை. பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அன்னைக்கு நான் பார்த்திருக்கணுங்க்கா."

அவர் தலையணை மேலிருந்த காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். பிறகு கேட்டார், "நீ பாத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா கண்ணு?"

"தெரிஞ்சிருக்காதுங்க. ஆனா டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன்."

"ம். அனுப்பியிருப்பே" என்றார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் அழுதுவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. கணவரைக் கூப்பிட்டு, "கண்ணு பஸ்ஸுக்குப் போகோணும், காப்பி குடுங்க" என்றார்.

அடுத்த தை மாதம் அவர் இறந்துபோனார். கணவர் போனில் சொன்னார். போனை வைக்கும் முன், "மூஞ்சியில ஒரு வெள்ளை இல்லாமத்தான் போனாளுங்க" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

அந்த அறையில்தான் இன்னமும் வேலை செய்கிறேன். போன வாரம், ஒளிச் சிகிச்சைக்கு வரும் ஒரு கல்லூரிப் பெண், தோளில் மச்சம் கறுத்திருக்கிறது என்றாள். பார்த்தேன். ஒளி படுகிற இடம்தான், அப்படித்தான் ஆகும், இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போ என்றேன். பிறகு நாற்காலியில் உட்காரச் சொல்லி, செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

"கால்ல ஒண்ணுமில்லீங்க்கா" என்று கூச்சத்தோடு சிரித்தாள்.

தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்குகளை விலக்கிக் குதிகால் வரை பார்த்தேன். சுத்தமாக, ஒரு சிறு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. மற்றக் காலையும் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை. பார்த்து முடித்த பிறகும் அந்தக் காலைக் கீழே வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.