மணப்பட்டில் ஒன்று ஓடுகிறது

மணப்பட்டு சரோஜா அக்கா இன்று காலை தவளக்குப்பத்தில் இருக்கும் என் கடைக்கு லேப்டாப்போடு வந்தார். மூடியில் ஆயுத பூஜைக் குங்குமம் அப்படியே இருந்தது. திரை மட்டும் கறுப்பு.

"அப்டேட் கேட்டுச்சிப்பா. பூஜையன்னிக்கு எதையும் பாக்கி வைக்கக் கூடாதுன்னு அமுக்கிட்டேன்."

அவர் மகள் ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிக்கிறாள். வரைவதெல்லாம் இதில்தான். லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், அப்டேட்டுக்கு முந்தையதை வைத்து பூட் செய்தேன். திரை வந்துவிட்டது.

காரணம் தேடினேன். இதன் கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் பராமரிப்பவரே இணையத்தில் எழுதியிருக்கிறார். இந்தப் பழைய கார்டு இப்போது தன்னிடம் இல்லை, சோதிக்க வழியில்லை, வேறு யாரும் வைத்திருக்கவில்லை என்றால் டிரைவரை எடுத்துவிடப் போகிறாராம். சம்பளம் இல்லாமல் செய்கிறவர். கோபப்படவும் முடியவில்லை.

அக்காவிடம் சொன்னேன்.

"நாங்க இன்னும் வச்சிருக்கோம்னு அவருக்கு இன்னா தெரியும். எழுதுப்பா."

எழுதினேன். மணப்பட்டில் ஒன்று ஓடுகிறது, என்ன சோதிக்கச் சொன்னாலும் நாங்கள் சோதித்துச் சொல்கிறோம் என்று.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடந்தால் அவர் பதிவின் கீழே ஒரு வரி போடுங்கள். லிங்க் கமென்ட்டில். ஒரே ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு 'நாங்கள்' என்று எழுதியிருக்கிறேன்.