வாசலில் பதினாறு சோடி

பிள்ளைகளே, மோர்டனில் ஒரு மைதானத்தில் உடை மாற்றும் அறையைப் பூட்டும் திறப்பு என்னிடம் இருந்த காலம் அது. சனிக்கிழமைகளில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட ஒரு குழு வரும். முட்டை வடிவப் பந்தை ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து பிடிப்பார்கள். அதில் ஒருவர் மெல்பேணில் வளர்ந்த தமிழர். என்னைவிட இளையவர், ஆனால் தாடி நரைத்துவிட்டது. எல்லாரையும் போட்டுவந்த சப்பாத்தை வாசலில் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்வார். பிறகு சோடிகளை எண்ணுவார்.

ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் வேண்டும். ஒரு சனி பதினாறு சோடிதான். பழகிய ஆட்டக்காரர்கள் விசா முடிந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள்; மிச்சமெல்லாம் புதியவர்கள். முந்திய கிழமை ஆட்டத்தில் இவருக்குத் தலையில் அடி. எண்ணும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, தலை சுத்துதெல்லே? இண்டைக்கு ஆடாம இரும்."

"மாத்த ஆளில்லை அண்ணை. நான் ஆடாம இருந்தா ஒரு புதுப் பெடியன்தான் நடுவிலை நிக்கோணும். பின்னாலை ஓடி வாறவனைப் பாக்க அவனுக்கு இன்னும் தெரியாது."

"உமக்குப் பயமில்லையோ?"

"கையைப் பிடிச்சுப் பாருங்கோ."

ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. "எனக்கும் பயமாக்கிடக்கு," என்றேன்.

"அப்ப ரெண்டு பேராச்சு," என்று சிரித்துவிட்டுப் போனார்.

பிற்பாதியில் விழுந்தார். அம்புலன்ஸில் ஏற்றும்போதும் கண் திறக்கவில்லை. நான் அறையைப் பூட்டப் போனபோது வாசலில் ஒரு சோடி மட்டும் கிடந்தது.

அடுத்த சனி பதினைந்து சோடி. அவர் எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை; என்ன சொல்வார்களோ என்ற பயம். எடுத்து வைத்திருந்த அவருடைய சப்பாத்தை வரிசையின் கடைசியில் வைத்தேன். ஒருவரும் அதை நகர்த்தவில்லை.