நாற்பது மீட்டர் இடைவெளி

கோலப்பொடியை மூன்று விரலால் எடுத்து, சைக்கிள் பாதையின் குறுக்கே ஒற்றை இழையாக விடுகிறார் அரவிந்தவல்லி. புள்ளி கிடையாது, பூ கிடையாது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். விட்டு முடித்ததும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார். காலை ஆறரை மணி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஷிப்ட் போகிறவர்களின் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டுகின்றன. சக்கரத்தில் ஒட்டிய பொடி நாலைந்து சுற்றுக்குத் தார்மீது வெள்ளையாகத் தடம் பதித்துக்கொண்டே போகிறது.

ஆள் நகர்ந்ததும் கைப்பையிலிருந்து டேப் வெளியே வரும். தயிர்சாத டப்பாவுக்கும் குடைக்கும் நடுவே அதற்கென்று ஓர் இடம் உண்டு. பாதையின் ஓரத்துக்கும் தடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று குனிந்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். எதிர்ப்பக்க டீக்கடையில் இதை ஏதோ பரிகாரம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒருநாள் ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போனார். அரவிந்தவல்லி யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. கேட்டால், “ஆபீஸ் வேலை” என்பார்.

பொய் இல்லை. நகரத்துச் சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப்பாதை திட்டமிடுகிற ஒரு தனியார் நிறுவனத்தில் அவர் வரைபடம் போடுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. பென்சிலும் ரப்பருமாக ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தவர். சாலையின் இடது ஓரத்தில் இரண்டு மீட்டரை ஒதுக்கி, கார் ஏறாதபடி வரிசையாகத் தடுப்புக் குச்சிகள் நட வேண்டும். எங்கே நடுவது, எங்கே விடுவது என்பதுதான் அவர் வேலை. “சைக்கிள்ல போறவா பயப்படாம போணும். அப்பதான் அது பாதை. மத்ததெல்லாம் வெறும் பெயின்ட்” என்பது அவர் கட்சி. இந்த ஊரில் பெயின்ட் அடித்த இடத்தில் மறுநாளே கார் நிற்கும் என்பதை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

வீடு ஸ்ரீரங்கம் உத்திர வீதியில். அந்த வீதிப் பெண்கள் பெருமாளின் விஸ்வரூப தரிசனத்துக்குக் குளித்துக் கிளம்புகிற வேளையில் இவர் லேடீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் காவிரிப் பாலம் ஏறுகிறார். பத்து கிலோமீட்டர் மிதி. கணவர் சௌரிராஜன் பள்ளிக்கூட வாத்தியார், வேடிக்கையான மனிதர். “ஊரே பெருமாளைச் சேவிக்கப் போறது, இவ தார் ரோட்டைச் சேவிக்கப் போறா” என்று காபியை ஆற்றிக் கொடுத்து அனுப்புவார். ஆனால் எதற்காகப் போகிறாள் என்று ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த இடத்தைப் பற்றி அவர் கேலி பேசியதில்லை.

அந்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்புறம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சோதனைக்காக முதல் பாதை போட்டபோது, மண்டபத்துக்காரர்கள் வண்டி உள்ளே போக வழி கேட்டார்கள். கேட்டது கேட் அகலத்துக்கு ஆறு மீட்டர். திரையில் அந்தத் தடுப்புக்கோடு நாற்பது மீட்டர் நீளத்தில் ஒரே துண்டாக இருந்தது. ஆறு மீட்டரை மட்டும் வெட்டி எடுக்க வேண்டுமானால் இரண்டு இடத்தில் முறித்து, வண்டி மெதுவாகத் திரும்பும்படி கேட்டருகே சாலையை மேடாக்குவதற்குத் தனியாக இன்னொரு படம் போட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், டீ ஆறிக்கொண்டிருந்தது. அரவிந்தவல்லி துண்டை முழுசாகத் தொட்டார், அழித்தார். காகிதத்தில் பார்த்தால் எட்டு சென்டிமீட்டர். யாரும் கவனிக்கவில்லை. குச்சிகள் படத்தில் இருந்தபடியே நடப்பட்டன.

மண்டபத்துக்கு வருகிற வேன்கள் அந்த நாற்பது மீட்டரில் எங்கே வேண்டுமானாலும் உள்ளே வெட்டித் திரும்பப் பழகின. போன வருஷம் பங்குனியில் ஒரு விடியற்காலை முகூர்த்தம். ஆறு நாற்பதுக்கு ஒரு வேன் திரும்பியதில் ஆண்டி என்பவர் சைக்கிளோடு அடியில் போனார். உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வெல்டர். அவர் விழுந்த இடம் கேட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி. அதாவது, கோட்டை ஒழுங்காக வெட்டியிருந்தால் குச்சி நின்றிருக்க வேண்டிய இடம். பேப்பரில் நாலு வரிச் செய்தியாகப் படித்த அன்றைக்கே அரவிந்தவல்லிக்கு இது புரிந்துவிட்டது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளில் டீயைத் தொடுவதில்லை.

பதினாறாம் நாள் கழிந்ததும் ஆண்டியின் மனைவி பொன்னுத்தாயைத் தேடிப் போனார். டவுனுக்குள் ஒரு சந்து, தகரக் கதவு போட்ட வாடகை வீடு. “நான்தாம்மா அந்தக் கோட்டை அழிச்சேன்” என்று சொல்லிவிட்டு, அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். பொன்னுத்தாய் அடிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“அவரு இன்னும் கெளம்பிக்கிட்டுத்தாங்க இருக்காரு. காலையில தகரக் கதவு தெறக்குற சத்தம் கேக்குது. ஸ்டாண்டு எடுக்குற சத்தம் கேக்குது. லேட்டானா மேஸ்திரி உள்ள விடமாட்டாருன்னு பறப்பாருங்க. சாயந்தரம் திரும்பி வர்ற சத்தந்தான் கேக்கமாட்டேங்குது. போய்ச் சேரலபோல.”

வீட்டு வாசலில் சைக்கிள் இல்லை. அது நசுங்கிப் போலீஸ் ஸ்டேஷனில் கிடந்தது.

துக்கத்தில் பேசுகிற பேச்சு என்றுதான் அரவிந்தவல்லியும் நினைத்தார். ஆனாலும் மறுநாள் காலை அந்த இடத்துக்குப் போனார். போனவர் கண்ணில் பட்டது சைக்கிள்களின் போக்கு. நேர் சாலை, குழி இல்லை, சாக்கடை மூடி இல்லை, ஜல்லி இல்லை. இருந்தும் வருகிறவர்கள் எல்லோரும் ஆண்டி விழுந்த இடத்துக்குப் பத்தடி முன்பே இடப்பக்கம் விலகி, பத்தடி தாண்டி மறுபடி நேராகிறார்கள். கண்ணை நம்பாமல்தான் கோலப்பொடி கொண்டுவர ஆரம்பித்தார். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து தார்மீது வைத்துப் பார்த்தார். குமிழ் நடுவிலேயே நின்றது, சாலையில் சாய்வும் இல்லை.

நோட்டில் பதினான்கு மாதக் கணக்கு இருக்கிறது. விலகல் சராசரி முக்கால் அடி. ஆறு முப்பத்தைந்திலிருந்து ஆறு நாற்பத்தைந்துவரை மட்டும். ஏழு மணிக்குத் தடங்கள் நேர். ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, காய்கறி மூட்டையோடு போகிறவர்கள்கூட அதே ஆறு நாற்பதுக்கு நேராகத்தான் போகிறார்கள்.

ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் ரசூலை ஒருநாள் நிறுத்தினார். “பாய், இந்த எடத்துல எதுக்கு ஒதுங்கறேள்?”

“ஒதுங்குறனா? நேராத்தானே மேடம் போறேன்.”

அரவிந்தவல்லி தடத்தைக் காட்டினார். ரசூல் சைக்கிளைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பக்கத்துல ஒருத்தர் வந்தா இடிக்காம போவோம்ல, அப்படிப் போயிருப்பேன்” என்றவர், “ஆனா பக்கத்துல யாரும் வரலையே” என்று அவராகவே சொன்னார். அதற்கப்புறம் அந்த இடம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்.

போன மாதம் பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தடுப்பு கட்டுவதென்று முடிவாயிற்று. ஒருமுறை கட்டிவிட்டால் பத்து வருஷத்துக்கு யாரும் தொடப்போவதில்லை. அரவிந்தவல்லி புதுப்படத்தில் ஆறு மீட்டர் மட்டும் திறந்து, மீதி முப்பத்து நாலையும் மூடினார். ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்: ‘முந்தைய படத்தில் நாற்பது மீட்டர் விடுபட்டது என் பிழை.’ கீழே தன் பெயர்.

மேலதிகாரி ஜெயக்குமார் நல்ல மனிதர், சண்டை என்றால் ஆகாது. “நாப்பதையும் திறந்தே விட்டுடுங்க மேடம். மண்டபத்துக்காரங்க பழகிட்டாங்க, இப்ப மூடினா கத்துவாங்க” என்றார். குறிப்பைப் படித்ததும் குரல் தாழ்ந்தது. “இது வெளிய போச்சுன்னா உங்க வேலை நிலைக்காது.”

“நிலைக்க வேண்டாம் சார்.”

“இன்னிக்கு அனுப்பியாகணும். அழிங்க.”

“என்னால இன்னொரு தரம் ஆகாது. நீங்களே அழிச்சுடுங்கோ.” அரவிந்தவல்லி எழுந்து நாற்காலியை விட்டு, இடப்பக்கம் பிரிண்டர் அருகே போய் நின்றுகொண்டார்.

ஜெயக்குமார் உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்து முப்பத்து நாலு மீட்டர் கோட்டைத் தொட்டார். அது நிறம் மாறிப் புள்ளி புள்ளியாக நின்றது. அவர் நாற்காலியை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது பக்கமாக, “சித்த தள்ளி நில்லுங்க மேடம், கை இடிக்குது” என்றார்.

“நான் இந்தப் பக்கம் இருக்கேன் சார்.”

அவர் முதலில் இடப்பக்கம் பார்த்தார். பிறகு வலப்பக்கம். அங்கே சுவரில் போன வருஷத்துக் காலண்டர் தொங்கியது. மூன்றாவது மாடி, ஏ.சி. அறை, ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆறு மீட்டரே இருக்கட்டும்” என்றார். படம் அப்படியே போயிற்று. குறிப்பும் போயிற்று. அதற்கு என்ன பதில் வரும் என்று இன்னும் தெரியவில்லை. அரவிந்தவல்லி தன் மேஜை டிராயரைக் காலி செய்து, எதற்கும் தயாராக வைத்திருக்கிறார்.

கான்கிரீட் காய்ந்து பாதையைத் திறந்த திங்கட்கிழமை அவர் ஓரத்தில் நிற்கவில்லை. ஆறு முப்பத்தெட்டுக்குச் சைக்கிளைப் பாதைக்குள் இறக்கி, ஒர்க்‌ஷாப் பக்கமாக மிதித்தார். வலப்பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு கூடவே வந்தது. முன்னால் தூரத்தில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் பாதை வெறிச்சோடிக் கிடந்தது.

ஆண்டி விழுந்த இடம் நெருங்கியதும் மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிளை இடது ஓரத்தோடு ஓரமாக ஒட்டினார். பிறகு வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, பின்னால் அவசரமாக வருகிறவரை முன்னே போகச் சொல்லி இரண்டு தடவை வீசினார்.