பேயை எடுக்க மறுத்த ஜெயசீலி அக்கா

ஜெயசீலி அக்கா இறந்துபோன செய்தி எனக்கு ஒரு ஆர்டராகத்தான் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும்தான் பிழைப்பு. காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் ராஜபாளையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். பட்டுச்சேலையில் அக்கா. அடியில், போஸ்டரில் போடவேண்டிய வாசகம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வாசகத்தைப் படிக்கப் படிக்க துக்கத்தைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. நூற்பாலையின் முன்னாள் தரப் பரிசோதகர், சபையின் மூத்த அங்கத்தினர், இன்னாரின் மனைவி, இன்னாரின் அத்தை. எழுத்தாளர் என்ற ஒரு சொல்லை மட்டும் காணோம். அனுப்பியவர் அக்காவின் அண்ணன் மகன் எட்வின், பேண்டேஜ் துணி ஃபேக்டரி நடத்துபவர். உடனே போன் போட்டேன்.

“எழுத்தாளர்ங்கிறது விட்டுப்போச்சே, எட்வின்?”

“விட்டுப்போகல அண்ணாச்சி, வேண்டாம்னுதான். அத்தை எழுதுனது பூராம் பேய்க்கதை. அடக்கத்துக்கு பாஸ்டர் ஐயா வாராக, சபையார் வாராக. செவுத்துல அத ஒட்டுனா என்ன நெனைப்பாக?”

வாய்வரை வந்ததை விழுங்கினேன். சாவு வீட்டில் சண்டை போடக் கூடாது என்ற ஒரே காரணம்தான்.

அக்காவை அறிந்தவர்களுக்குத் தெரியும். அவரும் அவர் கணவரும் வியட்நாமில் ஒரு நூற்பாலையில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். அங்கே லான் என்ற சக தொழிலாளி மதியச் சாப்பாட்டின்போது சொன்ன பேய்க்கதைகள் அக்காவைப் பிடித்துக்கொண்டன. கணவர் இறந்தபின் ஊர் திரும்பியவர், அந்தப் பேய்களை நம் ஊரில் இறக்கிவிட்டார். மில் ஹாஸ்டலிலும் தளவாய்புரம் மினி பஸ்ஸிலும் ஏடிஎம் வாசலிலும் அவை நின்றன. எழுதியதை என் கடைக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நான் டைப் அடித்து முடிக்கும்வரை நகர மாட்டார். ஒரு வரியை நான் மாற்றினாலும் தொடையில் கிள்ளுவார்.

ஒருநாள் லானின் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னார். “வீட்ல செத்தவகளுக்கு உள்ள வச்சுப் படைப்பாக, தம்பி. பேர் சொல்ல ஆளில்லாத ஆவிகளுக்கு வாசலுக்கு வெளிய கஞ்சி வைப்பாக. ஏன் அம்புட்டுத் தண்ணியா இருக்குன்னு கேட்டேன். பட்டினி கெடந்து அதுகளுக்குத் தொண்டை சுருங்கிப்போச்சாம். சோறு எறங்காதாம்.” சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அந்த ஹாஸ்டல் கதை. இறந்துபோன மில் பெண் ஒருத்தி மெஸ் வரிசையில் தட்டோடு நிற்கிறாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நிம்மதியாகப் போய்விடுவாள். அந்த மில்லில் யாரும் அவள் பெயரைக் கேட்டு வைத்திருக்கவில்லை.

இதை ராஜபாளையத்து இலக்கியக் கூட்டம் ஒன்றில் அக்கா வாசித்தபோது, தலைமை தாங்கியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நம்மூர்ல பேய்க்குப் பஞ்சமா? வியட்நாம்ல இருந்து இறக்குமதி பண்ணணுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா எழுந்து, “ஆப்பிரிக்காவுல இருந்து பஞ்சு வருது, இங்க நூலா நூக்கோம். அது ராஜபாளையத்து நூல்தானே, ஐயா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்த ஆள் இப்போது ஃபேஸ்புக்கில் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று எழுதியிருக்கிறார். உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலி கொடுத்து உட்காரவைத்துப் பேசியிருக்கலாமே, ஐயா!

அக்காவின் இன்னொரு கதையான கண்மாய்க் கதைக்கு நடந்தது இன்னும் மோசம். தண்ணீரில் மூழ்கிச் செத்தவர் அங்கேயே பேயாகக் கிடப்பார், இன்னொருவரை உள்ளே இழுத்துப் போட்டால்தான் அவருக்கு விடுதலை என்பது லான் சொன்னது. அக்கா அதை நம் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் வைத்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே நிஜமாகவே ஜேசிபி விட்டு மண் அள்ளிய குழி ஒன்று உண்டு. கதையில் அந்தக் குழியில், ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி கால் கழுவ இறங்கிச் செத்துப்போகிறாள். குழி தோண்டியவனைத் தவிர யாரையும் இழுக்க மாட்டேன் என்று காத்திருக்கிறாள். அவனோ கார் கண்ணாடியைக்கூட இறக்குவதில்லை. கரைக்கு வருகிறவர்கள் எல்லாம் அவளைப் போன்ற ஏழைகள். “எறங்காதீக, ஆழம்!” என்று கத்துகிறாள். பேய் என்று பயந்து ஓடுகிறார்கள், பிழைக்கிறார்கள். அவள் மட்டும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறாள்.

கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். ஆசிரியர் என் போனில்தான் பேசினார். கடைசியில் ‘அது வெறும் கனவு’ என்று ஒரு வரி சேர்த்தால் போட்டுவிடலாம், இந்தக் காலத்தில் பேயை யார் நம்புவார்கள் என்றார்.

அக்கா போனை வாங்கி, “சரி சார், எடுத்துருதேன். மொதல்ல அந்தக் குழிய மூடச் சொல்லுங்க. மூடுன அன்னைக்குப் பேய நான் எடுத்துருதேன்” என்றார். கதை அந்தப் பத்திரிகையில் வரவில்லை. என் மெஷினில் சின்னப் புத்தகமாக அடித்து நாங்களே விற்றோம்.

எட்வின் கேட்ட போஸ்டரை அவர் சொன்னபடியே அடித்துக் கொடுத்தேன். அது அவர்கள் வீட்டுத் துக்கம். அடக்கம் முடிந்தபின் என் சொந்தத் தாளில் இன்னொன்று அடித்தேன். ‘பேய்க்கதை எழுத்தாளர் ஜெயசீலி’ என்று கொட்டை எழுத்தில். யாரோ சொல்லி எட்வின் கடைக்கே வந்துவிட்டார். கோபமாக வந்தவர் அத்தையின் படத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார்.

“எழுத்தாளர்னு இருக்கட்டும் அண்ணாச்சி. அந்தப் பேய மட்டும் எடுத்துருங்க.”

செத்த பிறகும் அதே பேச்சா?

“எடுத்துருதேன், எட்வின். கண்மாய்ல குழிய மூடிட்டாகளான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க.”

அவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. அலமாரியிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார், பிறகு அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

போஸ்டரை ஒரு எழுத்துகூட மாற்றாமல் ராஜபாளையத்தில் மில் வாசல்களிலும் இங்கே பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டினேன். ஒரு போஸ்டரை மட்டும் தனியாக அடித்து, பசை வாளியோடு கண்மாய்க்குப் போனேன். குழி அப்படியேதான் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, எடு என்றால் எடுக்காத அந்தப் பிடிவாதம். மதகுச் சுவரில், இறங்குகிற பாதையைப் பார்க்கிற மாதிரி ஒட்டினேன். பிறந்த தேதி, இறந்த தேதி எதுவும் போடவில்லை. அக்காவின் முகம், பெயர், அதற்குக் கீழே ஒரே வரி:

‘எறங்காதீக, ஆழம்.’