ஜெபத்துக்குச் சொன்ன கதை

போன வருடம், ஈஸ்டருக்கு முந்திய வாரங்களில், இத்தாலியின் பலெர்மோ நகரில் நடந்தது இது. அல்பெர்கேரியாப் பகுதிச் சந்து ஒன்றில், பழைய கடை அறையில் கூடும் சின்னத் தமிழ்ச் சபைக்கு நான் போதகர். விசுவாசத்தைப் பற்றியும் நிறவெறியைப் பற்றியும் இத்தாலிய மொழியில் கட்டுரைகள் எழுதுவேன். அதனால் அங்கங்கே பேசவும் கூப்பிடுவார்கள்.

அந்த முறை கூப்பிட்டது லிபெர்த்தாவில், பணக்கார வீடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தேவாலயம். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே எரிச்சல் தொடங்கிவிட்டது. நான் இலங்கை, மன்னார்க்காரன் என்று மூன்று முறை எழுதி அனுப்பியிருந்தும், "இந்தியாவிலிருந்து வந்திருக்கும் சகோதரர்" என்று அறிமுகம் செய்தார்கள். உங்கள் நாட்டுப் பாட்டு ஒன்று பாடுவீர்களா என்று கேட்டார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நான் இத்தாலிய மொழி பேசுவதைப் பாராட்டினார். இருபது வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், ஐயா! பொறுமை போய்விட்டது. எழுதிக்கொண்டு போன தாள்களை மடித்து வைத்தேன். இவர்களுக்கு உறைக்கிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று, எங்கள் சபை அக்கா ஒருவரின் கதையை எடுத்துவிட்டேன்.

எட்டு வருடமாக ஒரே வீட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார் அவர். ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் அவர்தான். ஆனால் அவர் சாப்பிடும் தட்டு மட்டும் கழுவும் தொட்டிக்குக் கீழே, தரை துடைக்கும் துணிகளோடு இருக்கும்.

சொல்லி முடித்ததும் கைதட்டினார்கள், விடாமல். நடுவில் ஒரு பெண்மணி எழுந்து வெளியே போனார். நன்றாக உறைத்திருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த அக்கா என்னை மறித்தார்.

"பாஸ்டர், என்ரை கதையை ஏன் அங்கை போய்ச் சொன்னனீங்கள்? என்ரை சிஞ்ஞோராவும் அங்கை இருந்தவ."

எழுந்து போனவர்தான் அவர் வேலை செய்யும் வீட்டுக்காரி.

"நான் பேர் சொல்லேல்லையே அக்கா."

"பேர் சொன்னால்தானோ தெரியும்? எட்டு வருசமெண்டும் சொல்லி, தட்டு எங்கை கிடக்குதெண்டும் சொன்னால்? இனி வரவேண்டாமாம். வாற மாசம் தங்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கோணும். வேலைக் கடுதாசி இல்லாமல் இஞ்சை இருக்க விடுவாங்களோ?"

நான் அப்போதும் அடங்கவில்லை. இது அநியாயம், அந்த வீட்டுக்கே போய்க் கதைக்கிறேன், பத்திரிகையில் எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். அவர் சலித்துப்போய்க் கையை உயர்த்தினார்.

"ஐயோ, காணும் பாஸ்டர்! இன்னும் கதைக்கப் போறீங்களோ? நான் உங்களிட்டை அதை ஜெபிக்கச் சொல்லித்தான் சொன்னனான். கதைக்கச் சொல்லேல்லை."

அதைச் சொல்லும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று அந்த மேடையில் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய அவமானத்தை எடுத்து வீசியிருக்கிறேன்.

கடைசியில் உதவியது நான் அல்ல. போர்கோ வெக்கியோவில் இருக்கும் சபைச் சகோதரி ஒருவர், தான் வேலை செய்த இரண்டு வீடுகளில் ஒன்றை அவருக்கு விட்டுக்கொடுத்தார். வேலைக் கடிதம் கிடைத்தது. பெர்மெஸ்ஸோ கொடுக்கும் குவெஸ்துராப் பொலிஸ் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். அதிகாரியிடம் பேச வாயைத் திறந்தபோது, "நீங்கள் பேசாமல் நில்லுங்கோ, நான் கதைக்கிறன்" என்றார். நன்றாகவே கதைத்தார்.

அன்று வெளியே வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓம், பரவாயில்லை" என்றார். இன்றும் ஞாயிறு தவறாமல் வருகிறார். ஆனால் ஜெபக் குறிப்புகள் சொல்லும் நேரத்தில், எல்லாரும் தங்கள் கவலைகளைச் சொல்ல, அவர் மட்டும் தலை குனிந்து இருப்பார். இப்போதும் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள், போகிறேன், கைதட்டுகிறார்கள். ஆனால் அந்த அக்கா மறுபடி ஒரு நாள் என்னை நம்பி ஒரு கவலையைச் சொன்னால்தான், நான் அவருக்குப் போதகன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரும்.