கூரை எரிந்த மண்டபத்தில் கல்யாணச் சாப்பாடு

மகளின் நிக்காஹ் பள்ளிவாசலில், சாப்பாடு நகர மண்டபத்தில் என்று பேசி முடித்திருந்தோம். இரண்டு கிழமைதான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், கடற்கரைப் பக்கம் கரும்புகை. மின்கம்பியில் பற்றிய நெருப்பு, மண்டபத்தின் பழைய மரக்கூரையை அஸர் தொழுகைக்கு முன்னமே தின்று முடித்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய மெல்லிய பக்கச் சுவர்களெல்லாம் விழுந்து கிடந்தன. கடலைப் பார்த்த முன்சுவர் மட்டும் நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். பருத்த தூண்கள், நடுவில் வளைவு, அதற்குள் இரட்டைக் கதவு. கடற்காற்று நெருப்பைப் பின்பக்கம் தள்ளியதால் கதவும் தப்பியிருந்தது. போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கிய எங்களை முதன்முதலில் படுக்க விட்ட இடம் அது. மகளின் கல்யாணச் சோற்றையும் அங்கேயே கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சுவர் நிற்பதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. இந்த லீவில் கல்யாணம் நடக்காவிட்டால் இனி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். நெருப்புச் செய்தி கேட்டு அவருடைய உம்மா எனக்குப் போன் எடுத்தார். அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, எனக்கு மனசு சரியில்ல. சாப்பாடு வைக்கிற இடமே எரிஞ்சிட்டுதெண்டால்... தள்ளி வைப்பமா?"

சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயந்த மனதோடு வாதாடி என்ன பயன்? மகள் குசினி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருக்கா வந்து பாருங்க, பிறகு சொல்லுங்க" என்றேன்.

அடுத்த நாள் மதியம் சம்பந்தி வந்தார். மண்டபத்துக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லாவிட்டாலும் காவல்காரர் வழக்கம்போலப் பூட்டிவிட்டு ளுஹர் தொழப் போயிருந்தார். பக்கத்தில் வண்டியே போகுமளவு வெளி கிடந்தது.

"இந்தப் பக்கத்தால வாங்க மச்சி" என்று என் மனைவி சம்பந்தியைக் கூப்பிட்டாள்.

"கல்யாண இடம் பார்க்க வந்தவளைக் கள்ளன் மாதிரிப் பக்கத்தால பூரச் சொல்றீங்களா? வாசலிருக்கு, ஆள் வந்து திறக்கட்டும்."

குடையை விரித்துக்கொண்டு நின்றார். கொதிக்கிற வெயிலில் நாங்களும் நின்றோம். ஒரு ஆடு பக்கத்தால் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

காவல்காரர் ஓடிவந்து இரண்டு கதவையும் விரியத் திறந்தார். உள்ளே சாம்பலும் ஆகாயமும். மச்சி காவல்காரரைப் பார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார்.

"என்னத்தக் காக்கா பூட்டி வச்சிருக்கீங்க? வானம் களவு போகுமெண்டா?"

"நகரசபைச் சொத்து, ராத்தா. சாவி என்ட கையில இருக்குமட்டும் பூட்டத்தான் வேணும்."

மச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"இந்த நெருப்புக்கு அசையாத சுவர், என்ட மகன்ட ஒரு நேரச் சோத்துக்கா அசையப்போகுது? இதுதான் இடம் நானா. மேலே கட்டுற தறப்பாள் எங்கட பொறுப்பு."

அவர் மனதைத் திருப்பியது அல்லாஹ். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சபையிலிருந்து வந்த மேசன் பாஸ் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, "இது விழாது. இதை இடிக்கத்தான் ஆள் கனக்க வேணும்" என்று சொல்லிப் போனார்.

கல்யாணத்தன்று சோழகக் காற்று கடலை உழுதுகொண்டிருந்தது. தெருவில் கட்டியிருந்த சோடனையெல்லாம் பிய்ந்து பறந்தது. சுவருக்குப் பின்னால் கட்டிய தறப்பாளோ இலேசாக மூச்சுவிட்டது, அவ்வளவுதான். பாய் விரித்து, சோறு குவித்த சஹன் தட்டைச் சுற்றி அறுவர் அறுவராக இருந்து சாப்பிட்டார்கள். சோற்றில் ஒரு மணல் விழவில்லை. மனிதர் கட்டியதுதான் என்றாலும், அத்தனை கால உப்புக்காற்றுக்கும் ஒரு நாள் நெருப்புக்கும் ஈடுகொடுத்த அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு மாஷா அல்லாஹ் என்றுதான் வாயில் வந்தது.

பெண்கள் மகளின் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். எழும்பியபோது அவளுடைய வெள்ளை உடுப்பின் முதுகெல்லாம் கரி. என் மனைவி பதறினாள். மச்சி தன் முந்தானையால் அதைத் தட்டிவிட்டு, "கரிதானே, கழுவினாப் போகும்" என்று மருமகளின் கையைப் பிடித்து வாகனத்துக்குக் கூட்டிப் போனார்.